மேலே இருந்தவனுக்குத் தெரிந்ததா

சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போவார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவார்கள், சூரிச்சுக்குப் போய் முருங்கைக்காயும் மீனும் வாங்கி வருவார்கள். நான் விமானம் துடைக்கப் போவேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒருவன் கலியாண வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்: "அங்க எங்களுக்கு மேல குண்டு போட்டவங்கள், இவன் இஞ்ச அதுக்கு எண்ணெய் பூசுறான்." எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

நாங்கள் இருக்கிற ஆராவிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில் பழைய விமானக் கொட்டகை ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற சுவிஸ்காரர் ஒரு சங்கமாகச் சேர்ந்து அங்கே ஒரு போர் விமானத்தைப் பராமரிக்கிறார்கள். நான் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிறவன். அகதியாக வந்து கோப்பை கழுவி, பிறகு தொழில் பயின்று, இரும்பையும் அலுமினியத்தையும் நூல் பிசகாமல் சீவுகிற வேலைக்கு வந்தவன். அவர்களுக்கு ஒரு கீல் உடைந்து, உதிரிப்பாகம் உலகத்திலேயே கிடைக்காது என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோது, என்னோடு வேலை செய்கிறவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கீலைச் செய்து கொடுத்தேன். அதன்பிறகு என்னை விடவில்லை. நானும் போகாமல் இருக்கவில்லை.

முதல் நாள் கொட்டகைக் கதவைத் திறந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டேன். முக்கோணமாகப் பின்னால் விரிந்த இறக்கை. வால் பக்கம் கிடையாக இறக்கை இல்லை. காற்று உள்ளே போகிற வாய்க்குப் பக்கத்தில் இரண்டு சின்னச் செட்டைகள். கிபிர்! எங்கள் ஊருக்கு மேல் அரசாங்கம் குண்டு போட அனுப்பிய விமானம், மழலை கதைக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பெயர். திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கிட்டப் போய், கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது.

அது கிபிர் இல்லை. அதன் ஒன்றுவிட்ட தமையன் என்று சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் வரைந்ததை, சுவிஸ்காரர் உரிமம் வாங்கி இந்த நாட்டிலேயே பொருத்திய விமானம். கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய பலகை தொங்குகிறது, அதன் வம்சத்தைப் படம் போட்டுக் காட்டுகிறது. அதை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. உச்சியில் இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஜெர்மன்காரர் வரைந்த ஒரு முக்கோணம். அப்போது அவர்களிடம் எண்ணெய் இல்லை, உலோகம் இல்லை, விமானிகளும் இல்லை. நிலக்கரியை எரித்துப் பறக்க வைக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள். தோற்கப் போகிறவன் மண்டைக்குள் என்னென்ன வருகுது பாருங்கள். மாணவர்களை வைத்து மரத்திலே இயந்திரம் இல்லாத ஒரு மாதிரி செய்யத் தொடங்க, யுத்தம் முடிந்தது. அமெரிக்கர் வந்து, அட, இது என்ன நூதனம் என்று அதைக் கட்டி முடிக்க வைத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்துப் பார்த்தார்கள். தடிப்பை மெலிதாக்கினால் ஒலியின் வேகத்தைத் தாண்டுகிற இறக்கை அது என்று விளங்கியது. பலகையில் அங்கேயிருந்து கோடுகள் இறங்குகின்றன, அமெரிக்காவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று. பிரான்சுக்குப் போகிற கோடு மட்டும் புள்ளிக்கோடு. பிரெஞ்சுக்காரர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்களாம், எல்லாம் தங்கள் சொந்த மூளை என்பார்களாம். சங்கத்துக் கிழவர்கள் கோப்பி குடிக்கும்போது இதை வைத்தே ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள்.

இயந்திரத்தின் கதையில் சண்டைக்கே இடமில்லை. யுத்தத்தில் ஜெர்மன் ஜெட்டுக்கு இயந்திரம் செய்த ஆட்களை, இந்த நாட்டு எல்லையிலுள்ள போடன் ஏரியின் அக்கரையில் பிரெஞ்சுக்காரர் பிடித்துவைத்து, சாப்பாடும் சம்பளமும் கொடுத்து, தங்களுக்கு ஒன்று செய்விக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து வளர்ந்து வந்ததுதான் இந்த விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கிறது. பிறகு இந்த நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் அந்த இயந்திரத்தின் வரைபடங்களைப் பெட்டி பெட்டியாக இன்னொரு நாட்டுக்குக் கடத்தி, பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அந்த நாடு இந்த உருவத்தை எடுத்து, அமெரிக்க இயந்திரத்தைப் பூட்டி, கிபிர் என்று பெயர் வைத்தது. பலகையில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே கோடு இல்லை. யாருக்கு விற்றார்கள், அது எங்கே போய் என்ன செய்தது என்று ஒரு சொல் இல்லை. வம்சம் அவ்வளவோடு முடிந்துவிட்டதாம்! நான் ஒருநாள் அந்தக் கட்டத்துக்குக் கீழே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, யாரோ வந்து முதுகில் தட்டி, கோப்பி ஆறுது என்றார்.

அக்காவிடம் நான் "பழைய மோட்டார் திருத்துற சங்கம்" என்றுதான் சொல்லியிருந்தேன். அக்கா எங்களோடு இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அத்தான் நோயில் முன்பே போய்விட்டார். ஒரே மகன் கிபிர் அடியில் போனான். அதற்குப் பிறகு நான்தான் அவளை இங்கே எடுப்பித்தேன். அவள் என்னுடைய கைத்தொலைபேசியில் எதையோ தேடப்போய், விமானத்தின் படத்தைக் கண்டுவிட்டாள். நான் அதன் மூக்கில் சாய்ந்துகொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கத்துவாள், தொலைபேசியைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஏறி இருக்கலாமோடா?" என்று கேட்டாள்.

"விசர்க்கதை கதையாதை அக்கா."

"கேட்டதுக்குச் சொல்லு. குண்டு போடுறவன் இருக்கிற இடத்தில நான் ஒருக்கா இருந்து பாக்கலாமோ?"

அப்போதுதான், இவ்வளவு காலத்துக்குப் பிறகு, முழுதையும் சொன்னாள். துண்டு துண்டாக எனக்குத் தெரியும். இதை மட்டும் தெரியாது. வன்னியில் அந்த நாட்களில் கிபிர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓட வேண்டும், பங்கர் கிட்ட இல்லாவிட்டால் மரத்துக்குக் கீழே குப்புறப் படுக்க வேண்டும், அதுதான் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் பக்கத்து ஊரில் மரங்களுக்குக் கீழே இயக்கப் பொடியள் ஒளித்திருக்கிறார்கள் என்று தோப்பைப் பார்த்தே போட்டு, படுத்திருந்த சனம் செத்தது. அதைக் கேட்டு அக்கா பயந்துபோனாள். மகனைக் கூப்பிட்டு, இனி வழியில் சத்தம் கேட்டால் மரத்துக்குக் கீழே போகாதே, மறைப்பில்லாத வெட்டையில் நில், உன்னுடைய வெள்ளைச் சட்டையைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளை என்று விட்டுவிட்டுப் போவார்கள் என்று சொன்னாள். ஒருதரம் அல்ல, ஒவ்வொரு காலையும் சட்டையை மாட்டிவிடும்போது சொன்னாள். மகன் சொல்வழி கேட்கிற பிள்ளை. கிபிர் வந்த அன்றைக்கு அவனோடு வந்த மற்றப் பிள்ளைகள் பனைகளுக்குள் ஓடினார்கள். அவன் வயலின் நடுவில் நின்றான்.

மற்றப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவன் இங்கே பாசல் நகரில் இருக்கிறான், பிள்ளைகுட்டிக்காரன். அக்கா அவனைக் கோயில் திருவிழாவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போய்விடுவாள். ஏன் என்று எனக்கு அதுவரை விளங்கியதில்லை.

"எல்லாரும் சொன்னவை, மேல இருந்து ஒண்டும் தெரியாதாம், எறும்புகூட இல்லையாம், கண்ணை மூடிக்கொண்டுதான் போடுறாங்களாம்" என்றாள். "நீயும் சொன்னனி. அப்பிடியெண்டா நான் சொன்னதால நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவன்ர விதி. ஆனா தெரியுமெண்டா...? எனக்கு அது தெரிய வேணும். அதை அறியாமச் சாகேலாது."

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். வெளியாரை ஏற விடமாட்டார்கள், காப்புறுதிப் பிரச்சினை, ஏணி சரியில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். சங்கத்தில் ஒரு பழைய விமானி இருக்கிறார், இதே விமானத்தை இராணுவத்தில் ஓட்டியவர், நல்ல மனுசன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் கோப்பி குடிக்கிறேன். ஒரு கேள்விதானே, கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் "ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் ஓடிவந்து அக்காவிடம் சொல்லலாம். வேறு ஏதாவது சொன்னால் நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்கா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சோறு போடுவாள், கறி போடுவாள், கதை இல்லை. வீட்டுக்குள் மனைவிதான் நடுவில் கிடந்து இழுபட்டாள். "ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோவன், அந்த மனுசி ஏறி இருந்தா என்ன குறையப் போகுது?" என்றாள். அவளுக்கு வெள்ளைச் சட்டைக் கதை தெரியாது. சொல்லாதே என்று அக்கா என்னைக் கேட்டிருந்தாள்.

பிறகு சங்கத்தின் திறந்த நாள் வந்தது. வருடத்தில் ஒருநாள் கொட்டகையைச் சனத்துக்குத் திறந்துவிட்டு, வாட்டிய சொசேச்சும் பியரும் கொடுத்து, பிள்ளைகளை விமானி இருக்கிற கொக்பிட்டுக்குள் ஏற்றி இருத்திப் படம் எடுக்க விடுவார்கள். அக்கா எப்படித்தான் அறிந்தாளோ! பலகைக்கு முன்னால் நின்று சனத்துக்கு விளக்கம் சொல்லுகிற வேலை எனக்கு. ஏணிப் பக்கம் திரும்பிப் பார்த்தால், வரிசையில் தொப்பி போட்ட சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், சேலை கட்டி அதன்மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் தான் பொரித்த ஒரு பெட்டி ரோல்ஸோடு என் அக்கா நிற்கிறாள். றெயினும் பஸ்ஸும் மாறித் தனியாக வந்திருக்கிறாள்.

ஏணியடியில் நின்றவர் அந்தப் பழைய விமானி. எப்படியாவது அவரிடம் போய்ச் சேர்ந்து, இந்த மனுசி கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன் என்று காதுக்குள் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் என்னை மறித்துக்கொண்டான்.

"நிலக்கரியில் எப்படிப் பறக்கும்? புகைக்கூடு எங்கே இருந்தது?"

"அது பறக்கவே இல்லை" என்றேன்.

"பறக்காத ஒன்றிலிருந்து எப்படி இவ்வளவு விமானங்கள் வந்தன?"

நல்ல கேள்விதான். வேறு ஒரு நாளாக இருந்தால் அவனுக்கு அரை நாள் விளக்கம் சொல்லியிருப்பேன். உருவம்தான் மிஞ்சும் ஐயா, செய்தவனும் எரிபொருளும் யுத்தமும் போய்விடும், வரைந்த கோடு கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருக்கும் என்றேன். அவன் இன்னும் என்னவோ கேட்டான். நான் அவனை அப்படியே விட்டுவிட்டுச் சனத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அக்கா ஏறி உள்ளே இருந்துவிட்டாள். ரோல்ஸ் பெட்டி ஏணியின் முதல் படியில் இருந்தது.

அவள் இடது பக்கம் எட்டிப் பார்த்தாள், வலது பக்கம் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நல்ல ஜெர்மன் தெரியும், சமையலறையில் படித்த ஜெர்மன். என்னைத் திரும்பியும் பார்க்காமல் விமானியிடம் நேரே கேட்டாள்.

"குண்டு போடும்போது நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்?"

கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லாரும் அவரிடம் எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம் என்றுதான் கேட்பார்கள். மூக்குக்கு மேலாக முன் கண்ணாடியைக் காட்டினார். "இதற்குள்ளால். பக்கத்தில் பார்த்துப் பிரயோசனமில்லை. மூக்கைக் கீழே குத்தி இறங்கும்போது முன்னால் நிலம் முழுதும் விரியும்."

"மனிதர் தெரிவார்களா?"

"மனிதர்..." என்று இழுத்தார். "கஷ்டம். வீடு தெரியும், பாதை தெரியும், லொறி தெரியும். ஒரு ஆள் என்றால் பெரும்பாலும் இல்லை."

போதும், இறங்கு என்று தமிழில் சொன்னேன். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"வெள்ளைச் சட்டை போட்டிருந்தால்? வெட்டையில், தனியாக?"

அவர் யோசித்தார். பிழையாக ஒன்றும் சொல்லிவிடக்கூடாது என்று நினைக்கிற மனிதர் அவர். என்னுடைய கண்ணைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் விளங்கியிருக்குமோ என்னவோ.

"வெள்ளை என்றால் தெரியும்" என்றார். "பச்சை நிலத்தில் முதலில் கண்ணில் படுவதே வெள்ளைதான். நாங்கள் மலையில் பயிற்சி எடுக்கும்போது, இலக்குக்கு வெள்ளைத் துணியைத்தான் புல்லில் விரித்து வைப்பார்கள். எவ்வளவோ தூரத்திலிருந்தே பிடித்துவிடலாம். மரங்களுக்குள் இருந்தால்தான் கஷ்டம். மரத்துக்குக் கீழே இருந்தால் நான் தவறவிட்டுவிடுவேன்." பிறகு, தன்னைப் பிழையாக விளங்கிக்கொள்வாளோ என்று நினைத்தவர்போல, "நான் ஒருநாளும் மனிதர்மேல் போட்டதில்லை, துணிக்குத்தான் போட்டேன்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். முன் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து அதற்குள்ளால் பார்த்தாள். பின்னால் நின்ற ஒரு பிள்ளை, எப்போ முடியும் என்று தகப்பனிடம் சிணுங்கத் தொடங்கியது. அக்கா எழும்பினாள், அவருடைய கையைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கினாள். நன்றி சொல்லி ரோல்ஸ் பெட்டியைக் கொடுத்தாள். உறைப்பு, பார்த்துச் சாப்பிடுங்கள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டு அப்போதே ஒன்றைக் கடித்தார்.

நான் ஒருவரிடமும் சொல்லாமல் அவளைக் காரில் ஏற்றினேன். பாதை முழுக்க நான்தான் வாய் ஓயாமல் அலம்பிக்கொண்டு வந்தேன். மலையில் பழகுவது வேறு, அங்கே நடப்பது வேறு, பெரிய குண்டு எங்கே விழுந்தாலும் அந்தச் சுற்றுவட்டாரமே அழியும், சட்டையைப் பார்த்து யார் போடுகிறான், அந்தாள் கிழவர், அவருக்கு ஞாபகம் பிசகியிருக்கும் என்றெல்லாம் சொன்னேன். நல்ல மனுசனைப் பழி சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

"வாயை மூடடா" என்றாள் அக்கா. "அந்தாள் உள்ளதைச் சொன்னவர். நீங்கள் எல்லாரும் எனக்கு இதமாச் சொன்னனீங்கள். அதுவும் நல்லதுக்குத்தான், நான் உன்னைக் குறை சொல்லேல்லை. இவ்வளவு காலமும் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொண்டனான்."

எனக்குக் கண் மறைத்தது. ஓட்ட முடியாமல் காரை ஒரு தோட்டத்து ஓரமாக நிறுத்தினேன்.

"அக்கா, போட்டவன் அவன். நீ இல்லை. கண்டு கண்டு போட்டவன் அவன். சின்னப் பிள்ளை எண்டு தெரிஞ்சும் போட்டவன் அவன். பாவம் முழுக்க அவனுக்குத்தான்."

"ஓம்" என்றாள். "போட்டவன் அவன்தான். அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா ஒளிச்சிருந்த பிள்ளையை வெளியில எடுத்து, வெள்ளை உடுத்தி, அவனுக்குக் காட்டினது நான்."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொல்லுவேனா என்று. எனக்குச் சொல்ல வரவில்லை.